ரெண்டு நிமிஷ வலிப்பும் இருபது வருஷ ஒளிவுமறைவும்

காய்ச்சல் வந்தால் லீவு லெட்டரில் காய்ச்சல் என்று எழுதலாம். கால் உடைந்தால் மாவுக்கட்டைப் பார்த்தே ஊர் விசாரிக்கும். மஞ்சள் காமாலை என்றால் பக்கத்து வீட்டு அம்மா கீழாநெல்லி பறித்துக்கொண்டு வந்து நிற்பார். ஆனால் வலிப்பு வந்தால்? அப்போதும் லீவு லெட்டரில் "காய்ச்சல்" என்றுதான் எழுதப்படுகிறது! வீட்டில் சத்தம் குறைகிறது. மாத்திரை அட்டை துணி அலமாரிக்குள் போகிறது. "யார்கிட்டயும் சொல்லாதே" என்று ஒரு வாக்கியம் வீட்டுக்குள் குடியேறி விடுகிறது.

மூளையில் வரும் பல கோளாறுகள் வெளியே தெரியாதவை. பக்கவாதம் வந்து தேறியவரின் மறதி, தலையில் அடிபட்டவருக்கு வரும் திடீர்க் கோபம், ஒற்றைத் தலைவலிக்காரர் இருட்டறையில் படுத்திருக்கும் அரை நாள்... எதுவும் கண்ணுக்குத் தெரியாது. "நல்லாத்தானே இருக்கே, உனக்கென்ன?" என்று கேட்பார்கள். இந்த வரிசையில் வலிப்பு நோய்க்குத் தனி இடம் உண்டு. வரும்போது ரெண்டு நிமிஷம் தெருவுக்கே தெரியும். மற்ற நாளெல்லாம் ஒருவருக்கும் தெரியாது. அந்த ரெண்டு நிமிஷத்துக்குப் பயந்து மீதி வாழ்நாள் முழுவதையும் ஒளித்து வாழ்வதுதான் இந்த நோயின் பெரிய கொடுமை.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். வலிப்புக்கு மாத்திரை இருக்கிறது. மறைப்பதற்கு மாத்திரை இல்லை. திருவள்ளூர் மாவட்டத்தில், அதிலும் இரும்பும் நெருப்பும் இயந்திரமுமாக இயங்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட் மாதிரி ஓர் இடத்தில், நோயை விட மறைப்பதுதான் அதிக ஆபத்து. அப்படி மறைக்க வைப்பவர்கள் வேறு யாரும் இல்லை, சுற்றி இருக்கிற நாம்தான்.

மண்டைக்குள் நடப்பது என்ன?

மூளை மின்சாரத்தில் ஓடும் உறுப்பு. சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் மெல்லிய மின் சைகைகளால் ஒன்றோடு ஒன்று பேசிக்கொண்டே இருக்கின்றன. ஒரு கூட்டம் செல்கள் மட்டும் கட்டுப்பாடு இல்லாமல் ஒரே நேரத்தில் கூச்சல் போட ஆரம்பித்தால் என்ன ஆகும்? அதுதான் வலிப்பு. கூச்சல் ஒரு மூலையோடு நின்றால் ஒரு மாதிரி, மூளை முழுவதும் பரவினால் வேறு மாதிரி. ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1924 இல் முதன்முதலாக மனித மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்தார். இன்று எல்லோருக்கும் தெரிந்த ஈ.ஈ.ஜி. சோதனை அதிலிருந்து பிறந்ததுதான். பேய், பிசாசு, செய்வினை எதுவும் அந்தத் தாளில் இதுவரை பதிவானதில்லை :-)

வலிப்பு என்றாலே கீழே விழுந்து, கை கால் உதறி, வாயில் நுரை தள்ளுவதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். "கால் கை வலிப்பு" என்பதுதான் பேச்சில் மருவி "காக்கா வலிப்பு" ஆனது என்பார்கள். ஆனால் எல்லா வலிப்பும் அப்படி வருவதில்லை. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தை பத்து விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி எழுதத் தொடங்கும். டீச்சர் "எங்கே கனவு காண்கிறாய்?" என்று திட்டுவார். அதுவும் ஒருவகை வலிப்பாக இருக்கலாம். பெரியவர் ஒருவர் திடீரென்று பேச்சை நிறுத்தி, உதட்டைச் சப்பி, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நிற்பார். கூப்பிட்டால் பதில் வராது. பார்க்கிறவர்கள் "காலையிலேயே போட்டுட்டு வந்துட்டான்" என்பார்கள். இல்லாவிட்டால் "காத்து கருப்பு" என்பார்கள். இப்படிப்பட்டவருக்கு நோய் என்று தெரிவதற்கே வருடங்கள் ஆகும்.

இன்னொன்று. ஒரு தடவை வலிப்பு வந்த எல்லோரும் வலிப்பு நோயாளி இல்லை. வாழ்நாளில் ஒரு முறையாவது வலிப்பு வருபவர்கள் 10 சதவீதம் வரை இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காரணம் எதுவும் வெளிப்படையாக இல்லாமல் திரும்பத் திரும்ப வந்தால்தான் நோய் என்பார்கள். உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. சரியான சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும். ஆனால் ஏழை நாடுகளில் நாலில் மூன்று பேருக்கு அந்தச் சிகிச்சை போய்ச் சேருவதில்லை.

மருந்து புதிதா, விலை எட்டாததா என்றால் அதுவும் இல்லை. பினோபார்பிடால் 1912 இலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. பினைடாயின் 1938 இல் வந்தது. எண்பது வருடத்துக்கு மேல் பழகிய மலிவான மாத்திரைகள்! இருந்தும் ஒருவர் மாத்திரை சாப்பிடவில்லை என்றால் காரணத்தை மருந்துக்கடையில் தேடக்கூடாது. வேலையிலும் வீட்டிலும் தெருவிலும் தேட வேண்டும்.

சாவிக்குக் கிடைக்கும் பேர்

முதலில் தெருவைப் பார்ப்போம். யாராவது வலிப்பு வந்து விழுந்தால் நம் ஊரில் நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். "சாவி குடுங்க! இரும்பு குடுங்க!" என்று நாலு திசையிலிருந்தும் குரல் வரும். சாவிக்கொத்து கைக்குள் திணிக்கப்படும். அதற்குள் வலிப்பு நின்றுவிடும். பார்த்தீர்களா, இரும்பு வேலை செய்துவிட்டது!

உண்மையில் பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தானாகவே நின்றுவிடும். சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்கே ஒரு நிமிடம் ஆகும். நிற்கப்போகிற வலிப்பு நிற்கிறது, பேர் சாவிக்குப் போகிறது. இரும்புக்கு அப்படி ஒரு சக்தி இருந்திருந்தால் கும்மிடிப்பூண்டியில் ஒருவருக்கும் வலிப்பே வரக்கூடாது. உருக்காலை, உருட்டாலை என்று திரும்பிய பக்கமெல்லாம் இரும்புதானே!

சாவி கொடுப்பதால் நன்மை இல்லை, கூர்மையாக இருந்தால் கையைக் கிழிக்கும். அதைவிட மோசமானவை ரெண்டு. ஒன்று, பல்லுக்கு இடையில் ஸ்பூனோ துணியோ திணிப்பது. பல் உடையும், மூச்சு அடைக்கும். இன்னொன்று, கை கால்களை நாலு பேர் அமுக்கிப் பிடிப்பது. தசை கிழியும், எலும்பு முறியும், வலிப்பு மட்டும் நிற்காது.

செய்ய வேண்டியவை மிக எளிது:

- மணியைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளவும்.
- பக்கத்தில் இருக்கும் கல், இரும்பு, சூடான பொருள்களை அகற்றவும். தலைக்கு அடியில் சட்டையோ பையோ மடித்து வைக்கவும்.
- கழுத்துப் பொத்தானைத் தளர்த்தவும். உதறல் குறைந்ததும் ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வைக்கவும். எச்சில் வெளியே வழிந்துவிடும்.
- முழு நினைவு வரும்வரை தண்ணீர், சோடா, மாத்திரை எதுவும் வாயில் ஊற்றவோ போடவோ கூடாது.
- 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன் அடுத்த வலிப்பு வந்தாலோ, அடிபட்டிருந்தாலோ, கர்ப்பிணியாக இருந்தாலோ, தண்ணீருக்குள் வலிப்பு வந்திருந்தாலோ 108 க்கு போன் செய்யவும். வாழ்க்கையில் முதல் தடவை என்றாலும் கட்டாயம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும்.

அவ்வளவுதான். ஒரு ஷிஃப்ட் மாறுகிற இடைவெளியில் கற்றுக்கொடுத்துவிடலாம்.

கும்மிடிப்பூண்டிக் கணக்கு

இப்போது வேலைக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி சிப்காட், பக்கத்தில் தேர்வாய் கண்டிகை, திருவள்ளூரை ஒட்டிக் காக்களூர் தொழிற்பேட்டை... மாவட்டம் முழுக்கத் தொழிற்சாலைகள். உள்ளூர்க்காரர்களோடு ஒடிசா, பீகார் என்று தூரத்திலிருந்து வந்தவர்களும் வேலை செய்கிறார்கள். நிறையப் பேர் கான்ட்ராக்ட். இரவு ஷிஃப்ட், ஓவர்டைம், ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி.

தூக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டும் முக்கியமான காரணங்களில் ஒன்று. மாத்திரையைத் தவறவிடுவது இன்னொன்று. களைப்பு தீரக் குடிப்பது மூன்றாவது. ஷிஃப்ட் மாறி மாறி வேலை செய்கிற ஆளுக்கு இந்த மூன்றும் ஒன்றாகவே வந்து சேரும். தூக்கம் போகிறது, தூக்கம் போனால் சாப்பாட்டு நேரம் மாறுகிறது, சாப்பாட்டு நேரம் மாறினால் "சாப்பிட்ட பின் ஒன்று" என்று எழுதிக்கொடுத்த மாத்திரையும் மாறுகிறது.

ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளியைக் கற்பனை செய்து பார்க்கலாம். வயது 24. மாத்திரை சாப்பிட்டு ஒன்றரை வருடமாக வலிப்பு இல்லை. வேலைக்குச் சேரும்போது "வலிப்பு உண்டா?" என்று கேட்கிறார்கள். உண்டு என்றால் கேட்டிலேயே திருப்பி அனுப்பப்படுவார். இல்லை என்றால் வேலை. அவர் என்ன சொல்வார்? "இல்லை" என்றுதான் சொல்வார். வீட்டில் தங்கை கல்யாணமும் வட்டிக் கடனும் காத்திருக்கும்போது வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். பொய் சொன்ன பிறகு கூட வேலை செய்பவர்கள் பார்வையில் மாத்திரை போட முடியாது. ஷெட்டில் எட்டுப் பேரோடு தங்கும்போதும் போட முடியாது. ஒரு வேளை விடுபடும், ரெண்டு வேளை விடுபடும். பிறகு ஒரு நாள் ராத்திரி ஷிஃப்டில் உலைக்குப் பக்கத்தில்... மேலே எழுதத் தேவையில்லை.

நிறுவனத்தின் பயம் நியாயமில்லையா என்று கேட்கலாம். நியாயம்தான். உருகிய இரும்புக்குப் பக்கத்தில், உயரமான சாரத்தில், கிரேனில், ஃபோர்க்லிஃப்டில் இருப்பவருக்கு வலிப்பு வந்தால் அவருக்கும் ஆபத்து, கீழே நிற்பவருக்கும் ஆபத்து. இதை யாரும் மறுக்க முடியாது. வலிப்பு உள்ளவரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்து என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார்.

ஆனால் கேள்வி அது இல்லை. "வலிப்பு இருந்தால் வெளியே போ" என்ற விதி அந்த ஆபத்தைக் குறைக்கிறதா? குறைப்பதில்லை. உண்மை சொன்னவரை மட்டுமே அது வெளியே அனுப்புகிறது. உண்மை சொல்பவர் யார்? நோயைத் தெரிந்துகொண்டு, ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, எச்சரிக்கையாக இருப்பவர். உள்ளே தங்குவது யார்? மறைப்பவர். அதாவது ஆபத்து குறைவான ஆளை அனுப்பிவிட்டு ஆபத்து அதிகமான ஆளை உலைக்குப் பக்கத்தில் நிறுத்துகிறது. அதைப் பாதுகாப்பு விதி என்று எப்படிச் சொல்வது? பொய் சொல்லப் பழக்கும் விதி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இதற்கு மாற்று என்ன? மூன்று காரியம் செய்யலாம்.

ஒன்று, கேள்வியை ஹெச்.ஆர். மேஜையிலிருந்து மருத்துவர் அறைக்கு மாற்ற வேண்டும். தொழிலாளி மருத்துவரிடம் மட்டும் சொல்லட்டும். மருத்துவர் நிறுவனத்துக்கு நோயின் பேரைச் சொல்ல வேண்டியதில்லை. "உயரம், உலை, வாகனம், இரவு ஷிஃப்ட் வேண்டாம். மற்ற வேலை சரி" என்று ஒரு வரி போதும். முப்பது பேர் வேலை செய்யும் சின்னப் பட்டறைக்குத் தனி மருத்துவர் கட்டுப்படியாகாது என்பது உண்மை. தொழிற்பேட்டை முழுவதற்கும் சேர்த்து வைத்துக்கொள்ளலாமே!

ரெண்டு, ஆளை அனுப்பாமல் இடத்தை மாற்ற வேண்டும். பேக்கிங், ஸ்டோர், தரப் பரிசோதனை, கணக்கு என்று தரையில் நின்றும் உட்கார்ந்தும் செய்கிற வேலைகள் எல்லாத் தொழிற்சாலையிலும் உண்டு. கால அளவு வைத்துப் பார்ப்பது உலகத்தில் புதிதும் இல்லை. பிரிட்டனில் பொதுவாக ஒரு வருடம் வலிப்பில்லாமல் இருந்தால் கார் ஓட்ட மறுபடி அனுமதி உண்டு. லாரி, பஸ் என்றால் மாத்திரையும் இல்லாமல் வலிப்பும் இல்லாமல் பத்து வருடம். "என்றைக்கும் கூடாது" என்று சொல்லாமல் "எவ்வளவு நாள், எந்த வேலை" என்று அங்கே கேட்கிறார்கள். நம் ஊரில் ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1 இல் வலிப்பு உண்டா என்று கேட்டுக் கட்டம் வைத்திருக்கிறார்கள். எத்தனை வருடமாக வரவில்லை என்று கேட்க அதில் இடம் இல்லை. அங்கும் உண்மை சொன்னவருக்குத்தான் நஷ்டம்.

மூன்று, முதலுதவி. 150 தொழிலாளிக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, 500 பேருக்கு மேல் வேலை செய்தால் ஆம்புலன்ஸ் அறை என்று 1948 தொழிற்சாலைச் சட்டமே வகுத்தது. பெட்டி இருந்தால் மட்டும் போதாது, மேலே சொன்ன ஐந்து வரியும் தெரிந்த ஓர் ஆள் ஒவ்வொரு ஷிஃப்டிலும் வேண்டும். தமிழில் மட்டும் சுவரில் ஒட்டினால் போதாது, இந்தியிலும் ஒடியாவிலும் ஒட்ட வேண்டும்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. கடும் எதிர்ப்பு எழுந்ததால் அது திரும்பப் பெறப்பட்டதாக அந்த மே 1 அன்று முதலமைச்சர் அறிவித்தார். அப்போது பேசியவர்கள் கூலி, உரிமை, குடும்ப நேரம் என்று பேசினார்கள். மூளையின் தூக்கத்தைப் பற்றியும் பேசியிருக்கலாம். நல்ல உடம்புக்காரருக்கே தூக்கம் கெட்டால் கவனம் சிதறும், இரத்த அழுத்தம் ஏறும். ஏற்கெனவே வலிப்பு உள்ளவருக்குத் தூக்கமும் மாத்திரை மாதிரிதான்.

சட்டம் மாறியாச்சு, சம்பந்தி?

வேலைக்கு அடுத்தபடி மறைப்பு அதிகம் நடக்கும் இடம் கல்யாணம். அதற்கு ஒரு சட்டப் பின்னணியும் உண்டு. 1976 இல் இந்து திருமணச் சட்டத்தில் செய்த திருத்தம், திரும்பத் திரும்ப வலிப்பு வருபவரைப் பைத்தியத்தோடு ஒரே வரியில் சேர்த்துத் திருமணத்துக்குத் தகுதி இல்லாதவர் ஆக்கியது. வலிப்பு என்ற அந்த ஒரு சொல்லை எடுக்க 1999 வரை ஆனது. 23 வருடம்! இன்று வலிப்பு இருப்பது கல்யாணத்துக்குச் சட்டத் தடை இல்லை. வலிப்பு தீராத நோயும் இல்லை, விவாகரத்துக்கான காரணமும் இல்லை என்று 2023 இல் மும்பை உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் கிளையும் சொல்லிவிட்டது.

சட்டப் புத்தகத்தில் மாறியது பெண் பார்க்கும் வீட்டில் மாறவில்லை. அதிலும் ஆணுக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு ஒரு நியாயம். பையனுக்கு வலிப்பு என்றால் "கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்" என்பார்கள் (எந்த மருத்துவப் புத்தகத்தில் இருக்கிறதோ!). பெண்ணுக்கு வலிப்பு என்றால் கல்யாணமே இல்லை. அதனால் பெண்ணைப் பெற்றவர்கள் மறைக்கிறார்கள். மாமியார் வீட்டில் மாத்திரை அட்டை கண்ணில் பட்டுவிடுமோ என்று பயந்து அந்தப் பெண் மாத்திரையை நிறுத்துகிறார். திடீரென்று நிறுத்தினால் முன்பை விடக் கடுமையாக, இடைவிடாமல் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த மரணத்துக்கு எந்தச் சான்றிதழிலும் "பயம்" என்று காரணம் எழுதமாட்டார்கள்.

வலிப்பு உள்ள பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு ஆரோக்கியமான குழந்தை பிறக்கிறது. ஆனால் வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள் கருவைப் பாதிக்கும். ஆகவே கர்ப்பம் ஆவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்து மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும், ஃபோலிக் அமில மாத்திரை தொடங்க வேண்டும். இதையெல்லாம் மறைத்துக்கொண்டே எப்படிச் செய்வது? கணவனுக்கும் தெரிந்திருந்தால்தானே ஆஸ்பத்திரிக்குக் கூட வர முடியும்?

இன்னொரு முரண்பாடும் உண்டு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. நாள்பட்ட நரம்பியல் நோய்கள் என்ற தலைப்பில் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ், பார்க்கின்சன் நோய் ரெண்டும் பேரோடு இருக்கின்றன. வலிப்பு இல்லை. வேலை கேட்டால் "உனக்கு நோய்" என்கிறார்கள், உதவி கேட்டால் "உனக்குக் குறைபாடு இல்லை" என்கிறார்கள். ரெண்டும் கெட்டான் நிலை என்பது இதுதான்.

மாத்திரைக்கு எவ்வளவு தூரம்?

திருவள்ளூருக்கு நோய் தீர்க்கும் ஊர் என்று பழைய பெயர் உண்டு. வைத்திய வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்து வேண்டிக்கொள்ள அமாவாசைக்கு எங்கெங்கிருந்தோ கூட்டம் வரும். ஆடி மாதம் பெரியபாளையத்தம்மனுக்கு வேப்பிலை கட்டிக்கொண்டு வருவார்கள். சாமி கும்பிடுவதில் ஒரு தவறும் இல்லை. மனசுக்கு அது தெம்பு. சாமி கும்பிட்டாயிற்று என்று மாத்திரையை நிறுத்துவதுதான் தவறு. இது தெய்வங்கள் கொடுக்கும் நோய் இல்லை, மூளையில் வரும் நோய் என்று கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டஸ் பெயரால் வழங்கும் மருத்துவ நூல் சுமார் 2,400 வருடத்துக்கு முன்பே வாதாடியது.

சிகிச்சைக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவை 1949 இல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். அடுத்த வருடமே சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். திருவள்ளூர் லைன் ஆனாலும் கும்மிடிப்பூண்டி லைன் ஆனாலும் மின்சார ரயில் போய் நிற்பது சென்ட்ரல் பக்கத்தில். ரோட்டைத் தாண்டினால் அந்தப் பெரியாஸ்பத்திரி. 2022 ஜனவரியில் திருவள்ளூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாயிற்று.

ஆனால் கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்கு நேர் ரயில் கிடையாது. ரெண்டும் ஒரே மாவட்டம், லைன் மட்டும் வேறு வேறு. எங்கே போனாலும் தினக்கூலிக்காரருக்கு ஒரு நாள் சம்பளம் போச்சு. மாதா மாதம், வருடக்கணக்கில் அப்படி யாரால் போக முடியும்? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் பிரஷர் மாத்திரையையும் சுகர் மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. வலிப்பு மாத்திரையும் அதே மாதிரி தினமும், நாள் தவறாமல் சாப்பிட வேண்டியதுதானே? பெரியாஸ்பத்திரியில் நோயைக் கண்டுபிடித்து மருந்தை முடிவு செய்யட்டும். அதற்குப் பிறகு மாதாந்திர மாத்திரை வீட்டுக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ வரட்டும்.

மாத்திரை வாழ்நாள் முழுக்கவா என்று பயப்பட வேண்டாம். ரெண்டு வருடம் வலிப்பே வராமல் இருந்தால் குறைத்து நிறுத்தலாமா என்று மருத்துவர் பார்ப்பார். பலருக்கு நிறுத்தவும் முடிகிறது. முடிவு செய்ய வேண்டியது மருத்துவர், பக்கத்து வீட்டுக்காரர் இல்லை.

வராமலே தடுக்கலாமா?

எல்லா வலிப்பையும் தடுக்க முடியாது. ஆனால் ஒரு பகுதியைத் தடுக்கலாம். மூளை நலம் என்பது ஏதோ வல்லாரை மாத்திரை விளம்பரம் இல்லை. அது கழிப்பறையிலிருந்து ஆரம்பிக்கிறது!

பன்றி நாடாப்புழுவின் முட்டை மனித வயிற்றுக்குள் போனால் அதன் குஞ்சுகள் இரத்தத்தில் ஏறி மூளையில் போய்க் கட்டியாகத் தங்கும். வேலூர் மாவட்டத்தில் சி.எம்.சி. மருத்துவர்கள் செய்த ஆய்வு 2006 இல் வெளிவந்தது. தொடர்ந்து வலிப்பு வருபவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு இந்தப் புழுக்கட்டிதான் காரணம் என்றது. "நாங்க சைவம், எங்களுக்கு வராது" என்று நினைக்க வேண்டாம். சரியாக வேகாத பன்றிக் கறி சாப்பிட்டால் குடலில் நாடாப்புழு வளரும். அந்தப் புழு உள்ளவரின் மலத்தில் முட்டை வெளியே வரும். அந்த முட்டை கழுவாத கை, கழுவாத கொத்தமல்லி, கெட்ட தண்ணீர் வழியாக யார் வாய்க்குள்ளும் போகலாம். ஆகவே இருபது பேருக்கு ஒரு கழிப்பறை, அதற்கும் தண்ணீர் இல்லை என்று ஷெட் கட்டி ஆள் தங்கவைக்கும் கான்ட்ராக்டர் அந்த இருபது பேருக்கு மட்டும் கெடுதல் செய்யவில்லை. ஊர் முழுவதற்கும் செய்கிறார்.

அடுத்தது தலை. கும்மிடிப்பூண்டி வழியாகப் போவது சென்னை - கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலை. ஷிஃப்ட் முடிந்து ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு போகிறவர்களைத் தினமும் பார்க்கலாம். தலையில் பலமாக அடிபட்டால் அன்றைக்குப் பிழைத்தாலும் மாதங்கள், வருடங்கள் கழித்துக்கூட வலிப்பு தொடங்கலாம். பிரசவத்தில் குழந்தைக்கு மூச்சுத் திணறாமல் பார்த்துக்கொள்வது, பிரஷரைக் கட்டுப்படுத்திப் பக்கவாதத்தைத் தவிர்ப்பது, குடியைக் குறைப்பது, தூங்குவது... இவைதான் மூளை நலம்.

ஏற்கெனவே வலிப்பு உள்ளவர்கள் பூண்டி ஏரி, பழவேற்காடு, கோயில் குளம், கிணறு எங்கேயும் தனியாக இறங்க வேண்டாம். குளிக்கும்போது உள்ளே தாழ்ப்பாள் வேண்டாம். சமையல் செய்யும்போது பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். வலிப்பு வந்தால் வீட்டில் ஒருவர் செல்போனில் வீடியோ எடுத்து வைப்பது மருத்துவருக்கு மிகவும் உதவும். மருத்துவருக்கு மட்டும், வாட்ஸப் குரூப்புக்கு இல்லை!

கவனித்துப் பார்த்தால் இந்த எச்சரிக்கைகளில் எதையும் ஒருவர் தனியாகக் கடைப்பிடிக்க முடியாது. கூட ஒருவர் வேண்டும். அந்த ஒருவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மறைத்தால் யாருக்குத் தெரியும்?

"வெளியே சொல்லுங்கள், பயப்படாதீர்கள்" என்று நோயாளிக்கு உபதேசம் செய்வது சுலபம். சொன்னால் வேலை போகும், வரன் போகும், வாடகை வீடு போகும் என்ற நிலைமையை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. முதலில் கேட்பவர்கள் மாற வேண்டும். நண்பன் சொன்னால், "அப்படியா, மாத்திரை எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போக வேண்டும். முதலாளி கேட்டால், "எந்த வேலை உனக்குச் சரிப்படும்?" என்று கேட்க வேண்டும். பெண் வீட்டார் சொன்னால், சொன்ன நேர்மைக்காகவே அந்தச் சம்பந்தத்தை மதிக்க வேண்டும்.

வலிப்பு முடிந்து கண் திறக்கும் ஒருவருக்குக் கொஞ்ச நேரம் எதுவும் புரியாது. எங்கே இருக்கிறோம், என்ன நடந்தது, யார் யார் பார்த்தார்கள் என்று குழம்புவார். அப்போது பக்கத்தில் இருப்பவர் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "ஒண்ணும் இல்லப்பா, ஃபிட்ஸ் வந்துச்சு, நின்னுடுச்சு. நான் இங்கதான் இருக்கேன், மெதுவா எந்திரி."